எடை மெஷினில் இருந்த பேட்டரி

மார்ச் 4

அன்புள்ள வாயாடி மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். உன் அம்மா, அதாவது என் உடன்பிறந்த சந்தேகப் பேய், நம்பவே மாட்டாள். கீழ்வீட்டுத் தையல்காரர் நான் எதைச் சொன்னாலும் முக்கால் பங்கைக் கழித்துவிட்டு மீதியை நம்பும் பெருந்தன்மைக்காரர். அவரே இந்த முறை கையை விரித்துவிட்டார். ஆனாலும் என் இரண்டு மூக்குக் கண்ணாடிகள் மீதும் ஆணையாகச் சொல்கிறேன், இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம்.

நம் வீட்டுக் கம்ப்யூட்டர் காலமாகிவிட்டது.

நீ காலேஜில் படித்தபோது வாங்கி, வேலைக்குப் போகும்போது எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, அந்தக் கறுப்புப் பெட்டிதான். கடையில் இருந்ததிலேயே மலிவானது என்று நீயே பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். உன் அத்தைக்கு வாதம் வந்து பேச்சு போனபிறகு அதுதான் அவளுக்கு வாய். அவள் இடது கையால் எழுத்துகளைத் தட்டுவாள், சளி பிடித்த ரயில் நிலைய அறிவிப்பாளர் மாதிரி பெட்டி அதை உரக்க வாசிக்கும். நீ போட்டுக் கொடுத்த ஏற்பாடு. நீ நன்றாக இருக்கவேண்டும்.

ஆனால் பெட்டிக்கு வயதாகிவிட்டது. அத்தை "போதும்" என்று தட்டினால், நான் மூன்றாவது கரண்டியும் பரிமாறி, அவள் சாப்பிட்டு முடித்து, நான் தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் "போதும்" என்று குரல் வரும். ஒரு நாள் "ஜன்னலைச் சாத்துங்க, மழை வருது" என்று அது சொன்னபோது அறைக்குள் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன.

புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டால் சரியாகிவிடும் என்று நீதான் பென் டிரைவ் அனுப்பினாய். "லீவுக்கு வந்து நானே போட்டுத் தர்றேன், அதுவரைக்கும் தொடாதீங்க மாமா" என்று ஒரு சீட்டும் சுற்றியிருந்தது. லீவு வந்தது, நீ வரவில்லை. அடுத்த லீவும் வந்தது. நான் குறை சொல்லவில்லை. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பென் டிரைவ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தது, பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான்.

அத்தையிடம், "அரை மணி நேரம் பொறுத்துக்கோ. அப்புறம் நீ நினைக்கிறதுக்கு முன்னாடியே அது பேசும்" என்றேன். அவள் தலைமாட்டில் இருக்கும் மணியை இரண்டு தடவை அடித்தாள். ஒரு தடவை அடித்தால் ஆமாம், இரண்டு தடவை என்றால் வேண்டாம். அன்றைக்கு என் காதில் ஒன்றுதான் விழுந்தது.

பழையதையெல்லாம் அழித்துவிடவா என்று பெட்டி கேட்டது. ஒரு பேரரசன் போருக்குச் சம்மதிப்பதுபோல ஒரு பொத்தானை அழுத்தினேன். நகர்ந்தது, நகர்ந்தது, பாதியில் நின்றுவிட்டது. நின்று இங்கிலீஷில் ஒரு வியாக்கியானம் செய்தது. அதன் சாரம் இதுதான்: உன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இன்னும் பிறக்கவில்லை, சில ஆயிரம் நாள் கழித்து வா. இது கம்ப்யூட்டரா, இல்லை பென்ஷன் ஆபீஸா?

பிறகு மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அழுதேன். சாதாரண அழுகையா அது? கண்ணீர் கதவிடுக்கு வழியாக வழிந்து, படிப்படியாக இறங்கி, தையல்காரர் மேலே ஓடிவந்து, "சார், குழாய் ஏதாவது உடைஞ்சிடுச்சா? தைச்ச துணியெல்லாம் நனையுது" என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

இப்போது அத்தைக்கு மணி மட்டும்தான். ஆமாம், வேண்டாம். இதற்கு நடுவில் ஒரு மனுஷி சொல்ல எவ்வளவோ இருக்குமே. சீக்கிரம் வழி சொல்.

உன் தொண்டை எப்படி இருக்கிறது? டாக்டர் உன்னைப் பேசக்கூடாது என்று சொன்னது மருத்துவ வரலாற்றிலேயே துணிச்சலான காரியம். உன்னால் போனில் பேசமுடியாது, என் போனின் பொத்தான்களோ கடுகு அளவு. தபால்காரர் நம் இரண்டு பேரையும் வாழ்த்திக்கொண்டிருக்கிறார்.

உன் மாமா,
அகில உலகக் கணினி அழிப்பு வல்லுநர்

*

மார்ச் 10

மாமா,

தொடாதீர்கள் என்று எழுதினேன். ஒரே ஒரு வரிதான் எழுதினேன்.

நாள் முழுக்கத் தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு "ஸ்க்ரீன்ல என்ன தெரியுது சார்?" என்று ஊர் பேர் தெரியாத ஆட்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "ஒண்ணும் தெரியலைம்மா" என்பார்கள். பிளக்கை மாட்டியிருக்கமாட்டார்கள். திட்டுவார்கள். ஆனால் அவர்களில் ஒருவர்கூட அறைக்குள் மீன் நீந்துகிறது என்று சொன்னதில்லை.

வேலை நேரத்தில் மட்டும் பேசு, மற்ற நேரம் வாயைத் திறக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் என் குரல் முழுவதும் முன்பின் தெரியாதவர்களுக்குப் போய்விடுகிறது. கடையில் விரலை நீட்டித்தான் சாமான் வாங்குகிறேன். பக்கத்து அறைப் பெண் நான் பிறவி ஊமை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். மற்றபடி சௌக்கியம்.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் வைத்துக்கொண்டு, பொய்யையெல்லாம் பென்சிலால் அடித்தேன். மீன் போயிற்று. குழாய் போயிற்று, தையல்காரரும் கூடவே போனார். பிறக்காதவர்களின் கையெழுத்து, ஆயிரம் நாள், பேரரசன் எல்லாம் போனபின் மிஞ்சியது இரண்டே விஷயம். பாதியில் நின்றது. அத்தை மணியை இரண்டு தடவை அடித்தார்கள்.

பாதியில் நின்றால் பெரும்பாலும் பென் டிரைவில் கோளாறு இருக்கும். கடையில் கொடுத்து, அதில் இருப்பதையே புதிதாகப் பதிவு செய்து வாங்குங்கள். அதற்கும் நின்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறங்கள். உள்ளே சீப்பு மாதிரி நீளமாக ஒரு பச்சைத் தகடு நிற்கும், அதுதான் மெமரி. இரண்டு பக்கக் கொக்கியையும் தள்ளினால் கழன்று வரும். அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை திருப்பி அழுத்துங்கள். வேறு எதையும் தொடவேண்டாம். இந்த வரியையாவது படியுங்கள்.

அத்தையை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அவர்களால் பதில் சொல்லமுடியாது என்று எழுதிய பிறகுதான் உறைக்கிறது.

*

மார்ச் 17

மாண்புமிகு மருமகளுக்கு,

அறுவை சிகிச்சை முடிந்தது. நோயாளி பிழைக்கவில்லை, மருத்துவர் பிழைத்துக்கொண்டார்.

முதலில் பென் டிரைவைக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பதிவு செய்துகொண்டே என்ன பெட்டி என்று விசாரித்தார். சொன்னேன். எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் அனுஷ்டித்தார். "சார், அதை மியூசியத்துல கேப்பாங்க" என்றார். "மியூசியத்துல ஏற்கெனவே என்னைக் கேட்டிருக்காங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடறோம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கும் பெட்டி மசியவில்லை. திறந்தேன். உள்ளே இருந்த தூசியை மூட்டை கட்டினால் இரண்டு தலையணை தைக்கலாம். நீ சொன்ன பச்சைச் சீப்பைக் கழற்றித் தேய்த்தேன், எப்படித் தேய்த்தேன் என்கிறாய், தங்கப் பல் வைரப் பல்லாகிவிட்டது. 'டக்' என்ற சத்தம் மூன்று தெரு தாண்டிக் கேட்டது. பிளக்கை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஓடவிட்டேன்.

பாதியில் நின்றது. அதே வியாக்கியானம், அதே கெடு. ஒவ்வொரு தடவையும் அதே சில ஆயிரம் நாளைத்தான் சொல்கிறது, ஒரு நாள்கூடக் குறையவில்லை. இந்த வீட்டில் நாள் நகர்வதே இல்லை என்று அதற்கும் தெரிந்துபோயிற்று போலிருக்கிறது.

நடுவில் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. ஓர் அட்டையில் அ முதல் ன வரை பெரிதாக எழுதி அத்தைக்கு முன்னால் பிடித்தேன். அவள் எழுத்தைத் தொடவேண்டும், நான் படிக்கவேண்டும். 'த' வைத் தொட்டாள். "தலையணையா?" இல்லை. "தலைவலியா? தையல்காரரைக் கூப்பிடணுமா? தங்க வளையலா?" அவள் அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் நான் அடுத்த ஊருக்குப் போயிருந்தேன். தண்ணீர்தான் கேட்டிருக்கிறாள். கடைசியில் அட்டையை வாங்கித் தரையில் வீசினாள். இடது கையில் இவ்வளவு பலம் வந்திருப்பது நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெட்டிக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் அவள் சொல்லி முடிக்கும் வரை அது குறுக்கே பேசியதில்லை.

உன் மாமா,
தூசித் தலையணை உற்பத்தியாளர்

*

மார்ச் 23

மாமா,

உங்கள் கடிதத்தில் பிரயோசனமான செய்தி ஒன்றுதான்: மறுபடியும் பாதியில் நின்றது. அதைப் பிடிக்க நான் இரண்டு பக்கம் சிரிக்கவேண்டியிருந்தது. சிரித்தால் இருமல் வருகிறது, இருமினால் டாக்டர் திட்டுகிறார்.

எனக்கு அலுத்துவிட்டது. உங்கள் மேல் கோபம் இல்லை, கோபப்பட நெஞ்சில் காற்று வேண்டும். தப்பு எங்கே என்று தெரியாமல் இங்கே உட்கார்ந்துகொண்டு நான் குருட்டாம்போக்கில் மருந்து எழுதுகிறேன். இப்படியே போனால் அடுத்து ஹார்டு டிஸ்க்கை மாற்றச் சொல்வேன், அதற்கடுத்து பெட்டியையே. புதுப் பெட்டியில் அத்தை முதலிலிருந்து பழகவேண்டும். பழைய கீபோர்டில் எந்த எழுத்து எங்கே என்று அவர்கள் விரலுக்குப் பதிய எவ்வளவு நாளாயிற்று என்று நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

தயவுசெய்து ஒரு காரியம் செய்யுங்கள். பெட்டியை ஓடவிட்டு, அது நின்றதும் ஸ்க்ரீனுக்கு எதிரே உட்காருங்கள். மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை என்ன இருக்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள். பேரரசன் வேண்டாம். உவமை வேண்டாம். எதுவும் எதைப் போலவும் இருக்கவேண்டாம்.

சின்ன வயதில் நீங்கள் கதை சொல்லும்போது சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வரும். "அதுல பாதியைக் கழிச்சுக்கோடி." இன்னும் கொஞ்சம் போனதும், "இப்ப மீதியையும் கழிச்சுக்கோ." அவர்கள் சொன்னால் எனக்கு எது நிஜம் என்று தெரிந்துவிடும். இப்போது கழிக்கும் வேலையை நான் தனியாகச் செய்கிறேன், சரியாகத்தான் செய்கிறேனா என்று தெரியவில்லை.

*

மார்ச் 29

மருமகளுக்கு,

நீ கேட்டபடி எழுதுகிறேன்.

ஸ்க்ரீனின் மேல் வலது மூலையில் தேதி இருக்கிறது. 2009 ஜனவரி 1. நடுவில் ஒரு கட்டம். அதில் இங்கிலீஷில் இருப்பதன் அர்த்தம்: வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை. கையெழுத்து வருங்காலத்தில் இடப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே எத்தனை நாள் கழித்துச் செல்லும் என்று ஒரு பெரிய எண். அதற்கும் கீழே 'சரி' என்று ஒரு பொத்தான். வேறு ஒன்றும் இல்லை.

அத்தை இப்போது மணி அடிப்பதில்லை. கைக்கு எட்டும் இடத்தில்தான் வைத்திருக்கிறேன். நேற்று நானே அடித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. டீ வேண்டுமா என்று கேட்டால் சுவரைப் பார்க்கிறாள். வைத்தால் குடிக்கிறாள், வைக்காவிட்டால் கேட்பதில்லை.

அன்றைக்கு அவள் இரண்டு தடவைதான் அடித்தாள். எனக்குக் கேட்டது.

அலுப்பாக இருக்கிறது.

மாமா

*

ஏப்ரல் 3

மாமா,

கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. ஒரு பொய்கூட இல்லை. போனை எடுத்து உங்கள் எண்ணைப் போட்டேன். நீங்கள் "ஹலோ" என்றீர்கள், எனக்குக் காற்றுதான் வந்தது. "யாருங்க, யாருங்க" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். அது நான்தான். அதனால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

பெட்டிக்கு ஒன்றும் இல்லை. பென் டிரைவ் நன்றாக இருக்கிறது, மெமரி நன்றாக இருக்கிறது. தேதிதான் கோளாறு. பிளக்கைப் பிடுங்கினாலும் தேதி மறக்காமல் இருக்க உள்ளே நாணயம் மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது செத்துவிட்டது. அதனால் ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கி மாட்டும்போதும், பெட்டி தன்னைச் செய்தவர்கள் சொல்லிவைத்த முதல் தேதிக்கே போய்விடுகிறது. உங்கள் வீட்டில் இணையமும் கிடையாது, சரியான தேதியைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 2009-இல் உட்கார்ந்திருக்கும் பெட்டிக்குப் போன வருடம் போட்ட கையெழுத்தைக் காட்டினால், இதைப் போட்டவர் இன்னும் போடவே இல்லையே என்றுதான் அது சொல்லும்.

நீங்கள் முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருந்தீர்கள். பிறக்காதவர்களின் கையெழுத்து, சில ஆயிரம் நாள் கழித்து வா. அடுத்ததில், நாள் குறையவே இல்லை என்றும் எழுதினீர்கள். அந்தக் கடிதங்களில் இருந்த உண்மை அது ஒன்றுதான். மீனோடு சேர்த்து அதையும் நான் அடித்துவிட்டேன். இதைத்தான் வேலை என்று தினமும் செய்கிறேன். அத்தை ஒரு மாதமாகப் பேசாமல் இருப்பதில் பாதி என் பென்சிலால்.

செய்யவேண்டியது: அதே அளவு பேட்டரி உங்கள் குளியலறை எடை மெஷினில் இருக்கும், தேடி அலையவேண்டாம். பெட்டியைத் திறந்து, பளபளவென்று வட்டமாகத் தெரிவதன் ஓரக் கொக்கியை நகத்தால் நெம்பினால் துள்ளி வரும். எழுத்து இருக்கும் பக்கம் மேலே பார்க்கும்படி புதியதை வையுங்கள். பிறகு பெட்டியைப் போட்டதும் F2 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருங்கள். நீலத் திரை வரும். அதில் தேதியை இன்றைய தேதிக்கு மாற்றி, F10 அழுத்துங்கள். பென் டிரைவை மாட்டுங்கள். பேசும் நிரலும் அதிலேயே சேர்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று. முதல் லீவு எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டாவது கிடைத்தது. வரவில்லை. அறையில் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். யாரும் எதுவும் கேட்காத ஓர் இடம் வேண்டியிருந்தது. அத்தை சுவரைப் பார்க்கிறார்கள் என்று நீங்கள் எழுதியபோது அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

வாயாடி

*

ஏப்ரல் 9

என் அன்பு மருமகளுக்கு,

எழுந்து நின்று இந்தக் கடிதத்தைப் படி. வரலாறு படிக்கும்போது உட்காரக்கூடாது.

எடை மெஷினைக் கவிழ்த்து அதன் வயிற்றைத் திறந்தேன். பல வருடமாக என்னைப் பற்றி அவதூறு பரப்பிவந்த யந்திரம் அது. பேட்டரியைப் பிடுங்கிய அடுத்த கணம் வாயடைத்துப் போனது. இப்போது எனக்கு எடையே கிடையாது. மாடிப்படியில் நடப்பதில்லை, மிதக்கிறேன். தையல்காரர் என் சட்டையில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

செத்த பேட்டரி நீ சொன்னபடி துள்ளியது. துள்ளிக் கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது, இன்னும் தேடுகிறோம். புதியதை வைத்து, F2-வை மரங்கொத்தி மாதிரித் தட்டினேன். நீலத் திரை வந்தது. 2009 ஜனவரி 1 என்று நின்றது.

அங்கே கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். 2009-இல் உன் அத்தைக்குப் பேச்சு இருந்தது. எப்பேர்ப்பட்ட பேச்சு. நான் தெருமுனையில் ஒரு பொய் சொன்னால் வீட்டுக்குள்ளிருந்து திருத்தம் வரும். பெட்டி அந்த வருடத்திலேயே இருக்கட்டுமே என்று ஒரு நினைப்பு ஓடியது. ஆனால் அங்கே இருந்தால் அது இங்கே பேசாது. மாற்றினேன். வருடத்தை ஒவ்வொன்றாகத்தான் ஏற்றமுடிகிறது, தெரியுமா? ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வருடம்.

பிறகு ஓடியது பார், ஓட்டம். பாதியில் நிற்கவில்லை. தெருவில் போக்குவரத்து நின்றது, பெட்டி நிற்கவில்லை. தேரை இழுத்து வருவதுபோல அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் மேஜையைத் தள்ளிக்கொண்டு வந்து, கீபோர்டை அவள் மடியில் வைத்தேன். வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த கடினமான வேலை அதுதான்.

அவள் வெகுநேரம் அதைத் தொடவில்லை. சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ஒற்றை விரல் இறங்கியது. அவள் நிகழ்த்திய சொற்பொழிவை என்னவென்று சொல்வது. சூரியன் அஸ்தமிக்காமல் காத்திருந்தது. பறவைகள் ஜன்னலில் வரிசையாக உட்கார்ந்து குறிப்பெடுத்தன. கடைக்காரர் மியூசியத்தின் தலைவரோடு வந்து வாசலில் நின்றார்.

இந்த இடம் வரை எழுதி அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தட்டினாள். சளி பிடித்த அறிவிப்பாளர் உடனே சொன்னார்: "பொய். நான் சொன்னதை எழுதுங்க."

எழுதுகிறேன். அவள் அன்றைக்கு முதன்முதலாகச் சொன்னது ஒரே வரி. "மணி ரெண்டு தடவை அடிச்சேன்."

"கேட்டுச்சு" என்றேன்.

"தெரியும்" என்றாள். பிறகு, "டீயில சர்க்கரை போடுங்க. ஒரு மாசமா போடலை" என்றாள். ஒரு மாதமாக அதைச் சொல்ல மணியில் வழி இல்லாமல் அப்படியே குடித்திருக்கிறாள்.

உன் கடிதத்தையும் அவளுக்கு வாசித்தேன். நீ சுவரைப் பார்த்த இடம் வந்ததும், திரும்ப வாசி என்று கையைக் காட்டினாள். பிறகு உனக்குச் சொல்லச் சொன்னது இது, அவள் தட்டியதை அப்படியே எழுதுகிறேன்: "வா. யாரும் எதுவும் கேக்கமாட்டோம். மாமாவை நான் பாத்துக்கறேன்."

என் முதல் கடிதத்தில் ஒரே ஓர் உண்மைதான் இருந்தது என்று நீ எழுதியிருந்தாயே, அந்த வரியிலும் அவள் என்னை நிறுத்தினாள். முதல் கடிதத்தில் என்னதான் எழுதினேன் என்று கேட்டாள். மீன், பேரரசன், குழாய், நனைந்த துணி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் விரல் நிதானமாக இறங்கியது. நான் குறுக்கே பேசவில்லை.

"மீன் பொய். தையல்காரர் வரலை. மேஜைக்கு அடியில அழுதது நிஜம்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாளே, பார்த்திருக்கமாட்டாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, ஒப்புக்கொள்கிறேன். அது மட்டும் உண்மை.

உன் மாமா